ரோட்டோரம் கிடந்த 21 இஞ்ச் பழைய டிவி: சரி பண்ணலாமா, விட்டுடலாமா?

குடந்தை மொபைல் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல ஒரு பழைய வீட்டை இடிச்சுக் கட்டறதுக்காகக் காலி பண்ணாங்க. பீரோ, கட்டில் எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டு 21 இஞ்ச் டிவி ஒண்ணை மட்டும் வேப்பமரத்தடியில இறக்கி வெச்சுட்டாங்க. கேட்டதுக்கு, "வேணும்ங்கறவங்க எடுத்துக்கட்டும், எங்களுக்கு இனிமே இது ஆகாது"ன்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி நல்ல மழை. காலையில பார்த்தா அது அங்கேயே நனைஞ்சு நிக்குது. மனசு கேக்கல. நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டு வந்து திண்ணையில வெச்சோம்.

பின்பக்கம் பெரிசா இருக்குமே, அந்த டியூப் மாடல்தான். கண்ணாடி முன்பக்கம் மட்டும் ஃபிளாட்டா இருக்கு. ஸ்டிக்கர்ல 2005, 50 ஹெர்ட்ஸ், 75 வாட்னு போட்டிருக்கு. முன்னாடி மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி பின் குத்தற ஓட்டை இருக்கு. ரிமோட் இல்லை. வெயில்ல நல்லாக் காய வெச்சுட்டு பிளக் குத்தினேன். சிவப்பு லைட் எரியுது, ஆடாம நிலையா எரியுது. சேனல் பட்டனை அமுக்கினா உள்ள "டிக்"னு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சு மறுபடி சிவப்பு லைட்டுக்கே வந்துடுது. படம் இல்லை, சத்தமும் இல்லை.

எங்க ஊர்ல ஒரு சர்வீஸ் கடையில விசாரிச்சேன். செட்டைத் திறக்கவே இல்லை, "போர்டையே மாத்தணும், 1,800 ரூபாய் ஆகும்"னுட்டாங்க. காயலாங்கடையில 150 ரூபாய் தர்றேங்கறாங்க. அம்மா, ஆடி பொறக்கறதுக்குள்ள திண்ணை காலியாகணும்னு சொல்லியிருக்காங்க.

எனக்கு இது எதுக்குன்னா, அண்ணனோட பழைய டிவி கேம் ஒண்ணு வீட்டுல பத்திரமா இருக்கு. மஞ்சள் கேசட், கூடவே வாத்து சுடற துப்பாக்கி. வீட்டுல இருக்கற எல்இடி டிவியில கேம் ஓடுது, துப்பாக்கி மட்டும் வேலை செய்ய மாட்டேங்குது. அண்ணன் பையனுக்கு எட்டு வயசு. அவன் அதைச் சுட்டுப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

நான் மொபைல் சர்வீஸ் கடையில வேலை பார்க்கறேன். மல்டிமீட்டர், சால்டரிங், மைக்ரோஸ்கோப் எல்லாம் கைப்பழக்கம் உண்டு. டிவி மட்டும் திறந்ததில்லை. இதுக்குச் செலவு பண்றது நியாயமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாங்கனி சேலம்:

சகோ, நேராச் சொல்றேன், விட்டுடுங்க. 1,800 ரூபாய்க்கு மேல கொஞ்சம் போட்டா செகண்ட் ஹேண்ட்ல 24 இஞ்ச் எல்இடி கிடைக்கும். இது முப்பது கிலோ பக்கம் வரும், ஒரு மூலையை அடைச்சுக்கும், கரண்ட் இழுக்கும். மழையில வேற நனைஞ்சிருக்கு. எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணைச் சரி பண்ணி, ஆறே மாசத்துல வேற ஒண்ணு போயி, அப்புறம் இன்னொண்ணு போயி, கடைசியில எடைக்குத்தான் போட்டோம். ஆசை இருக்கலாம், கணக்கும் பார்க்கணும்.

எட்டுபிட் சென்னை:

துப்பாக்கி விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், அதுல எனக்குப் பல வருஷப் பழக்கம்.

எல்இடி டிவியில அந்தத் துப்பாக்கி ஒருநாளும் வேலை செய்யாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போறதில்லை, டிவியில இருந்து வர்ற வெளிச்சத்தை அது வாங்கிக்குது. குழல் முனையில ஒரு லென்ஸ், அதுக்குப் பின்னால வெளிச்சம் உணர்ற ஒரு சின்ன சென்சார். நீங்க விசையை இழுத்ததும் கேம் ஒரு கணம் திரை முழுக்கக் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரையும். கண்ணுக்கு அது ஒரு மின்னல் மாதிரிதான் தெரியும். கறுப்புக்கு அடுத்து வெள்ளை தெரிஞ்சா வாத்து விழும், தெரியலைன்னா தப்பிக்கும். டியூப் டிவியில சிக்னல் உள்ள வர வர அப்படியே கோடு கோடா வரைஞ்சுடும். எல்இடி டிவி படத்தை முதல்ல வாங்கி வெச்சு, பெரிசாக்கி, சீராக்கி அப்புறம்தான் காட்டும். அந்தச் சின்னத் தாமதத்துக்குள்ள கேம் "படலை"ன்னு முடிவு பண்ணிடும். துப்பாக்கிக்குள்ள இருக்கற சர்க்யூட்டும் டியூப் டிவியோட 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்புக்குத்தான் காது கொடுக்கும்.

அதனால உங்களுக்கு டியூப் டிவிதான் வேணும், வேற வழி இல்லை. ஒண்ணு மட்டும் பாருங்க. ஸ்டிக்கர்ல இருக்கற 50 ஹெர்ட்ஸ் கரண்டோடது, அதை வெச்சு முடிவு பண்ண முடியாது. அந்தக் காலத்துல விலை கூடின சில ஃபிளாட் செட்டுகள்ல முன்பக்கமே பெரிசா "100 ஹெர்ட்ஸ்"னு எழுதியிருக்கும். அதுவும் படத்தை உள்ள வாங்கி வெச்சுத்தான் காட்டும், அதுல துப்பாக்கி எடுபடாது. அப்படி எதுவும் எழுதலைன்னா தைரியமா இறங்குங்க.

ரேடியோ மாமா, புதுக்கோட்டை:

தம்பி, அவசரப்பட்டு எந்தக் கடைக்கும் தூக்கிப் போக வேண்டாம், காயலாங்கடைக்கும் கொடுத்துவிட வேண்டாம். பேக் கவரைக்கூடத் திறக்காமல் போர்டை மாற்றணும் என்று ஒருவர் சொல்லிவிட்டார் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீ எழுதியிருக்கிற குறிகளைப் பார்த்தால் அந்தப் போர்டு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது.

நான் 1984-ல் கறுப்பு வெள்ளை செட்டில் தொழில் பழகியவன். சென்னைத் தயாரிப்பான டயனோராவும் சாலிடேரும் எங்கள் பக்கம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கொடைக்கானல் நிலையம் வருவதற்கு முன்னால் கடலோர ஊர்களில் உயரமான குழாய் நட்டு, ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டி, இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துக் கொடுப்போம். காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் ராத்திரியிலும் ஆள் வந்து நிற்பார்கள். அதற்கப்புறம் கலர், ரிமோட், ஃபிளாட் என்று எல்லாவற்றையும் இந்தக் கையால் திறந்து மூடியிருக்கிறேன். அதனால் சொல்வதைக் கேள்.

பழைய செட்டுக்குச் செலவு பண்ணலாமா என்பதற்கு எனக்கு ஒரே கணக்குதான்: பிக்சர் டியூப். போர்டில் எது போனாலும் மாற்று உண்டு, அல்லது மாற்றுக்கு மாற்று உண்டு. டியூப் போனால் இன்றைக்குப் புதிது கிடைக்காது. இன்னொரு செட்டிலிருந்து பிடுங்கினாலும் யோக்கு (டியூப் கழுத்தில் மாட்டியிருக்கிற, கதிரைத் திருப்புகிற செம்புச் சுருள்) ஒத்துவர வேண்டும், கலர் மூன்றும் ஓரிடத்தில் சேர வேண்டும், அது லேசான வேலை இல்லை. ஆகவே பத்து ரூபாய் செலவு பண்ணுவதற்கு முன்னால் டியூப் நல்லதா என்று பார்த்துவிடு. நல்லதென்றால் சரி பண்ணு. டியூப் கெட்டிருந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது? முதலில் திறக்காமலே ஒரு சோதனை. பட்டனை அமுக்கும்போது புறங்கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோ. கையில் இருக்கிற முடி சிலிர்த்து எழுந்தால் இ.எச்.டி. (உயர் அழுத்தம் உண்டாக்குகிற டிரான்ஸ்ஃபார்மர்) வேலை செய்து டியூபுக்கு உயர் அழுத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். அது வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அதோடு அறையை இருட்டாக்கிக்கொண்டு, அணைவதற்கு முன்னால் திரையில் ஏதாவது தெரிகிறதா என்று கண் எடுக்காமல் பார். ஒரு கோடு மின்னினாலும் எனக்கு அது செய்தி.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் விட்டுத் திற. இங்கேதான் நீ கவனமாக இருக்க வேண்டும், மொபைல் போர்டு பழக்கத்தில் கையை விட்டுவிடாதே. இரண்டு இடத்தில் ஆபத்து இருக்கிறது. ஒன்று, கரண்ட் வயர் வந்து சேருகிற பக்கம் நிற்கும் பெரிய கண்டன்சர், 400 வோல்ட் என்று எழுதியிருக்கும். செட் ஓடும்போது அதில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், சில சமயம் அணைத்த பிறகும் நிற்கும். மீட்டரை வைத்துப் பார்த்து, இருந்தால் சீரிஸ் லேம்ப் பல்பு வழியாக இறக்கு. இரண்டாவது, டியூப் மேல் தடிமனான சிவப்பு வயர் போய் ஒரு ரப்பர் தொப்பிக்குள் நுழைகிறதே, அந்த இடம். அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும், டியூப்பே ஒரு கண்டன்சர் மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீளமான பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவர் எடுத்து, அதன் கம்பியில் ஒரு வயரைக் கட்டி, வயரின் மறுமுனையை டியூப் முதுகில் ஓடுகிற பின்னல் கம்பியில் மாட்டு. கவனி, போர்டில் மாட்டாதே, பின்னல் கம்பியில் மாட்டு. ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்குரூ டிரைவர் முனையை ரப்பர் தொப்பிக்குள் மெதுவாக நுழைத்துக் கம்பியைத் தொடு. "சட்" என்று கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை செய், ஏனென்றால் டியூப் தானாகவே கொஞ்சம் மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

அதற்கப்புறம் டியூப் கழுத்தைப் பார். அதன் பின்முனையில் சின்ன போர்டு ஒன்று குத்தியிருக்கும். கழுத்துக் கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா? உள்பக்கம் திருநீறு பூசியது போல வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் காற்று ஏறிவிட்டது, டியூப் முடிந்தது. ஓடும்போது கழுத்துக்குள் ஊதா வெளிச்சம் பரவினாலும் அதே கதைதான். அப்படி இல்லாமல் பட்டன் அமுக்கும்போது கழுத்துக்குள் ஆரஞ்சுப் பொட்டு மட்டும் மினுக்கினால் ஹீட்டர் நல்லது. இதைத் தள்ளி நின்றே பார். கவர் கழற்றிய செட்டுக்குக் கரண்ட் கொடுத்திருக்கும்போது கை உள்ளே போகவே கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது.

மழைக்குப் பயப்படாதே. போர்டு காய்ந்துவிடும். ரப்பர் தொப்பியைச் சுற்றி அழுக்கும் ஈரமும் சேர்ந்திருந்தால்தான் அங்கே பொறி பறக்கும். உயர் அழுத்தம் இறக்கிய பிறகு தொப்பியைச் சுற்றியுள்ள கண்ணாடியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து நன்றாகக் காய விடு. உன் கடையில் அது இருக்கும்.

சேலத்து நண்பருக்கு ஒரு வார்த்தை. கரண்ட் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இது 75 வாட், சின்ன எல்இடி 40 வாட் என்று வைத்தால் வித்தியாசம் 35 வாட். தினம் நாலு மணி நேரம் பார்த்தாலும் மாசத்துக்கு நாலு யூனிட் சொச்சம். இந்தத் தம்பி வாரத்தில் ஒருநாள் பிள்ளைக்கு கேம் போடப்போகிறான். கரண்டைக் காரணம் காட்டி ஒரு நல்ல டியூபைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இடம் அடைக்கும் என்பது நியாயம்தான், அதை அவர்கள் வீட்டார்தான் முடிவு பண்ண வேண்டும்.

நொய்யல் கரை:

சரி பண்ண முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். கோவையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு காலி மனையில் இந்த டியூப்களை உடைப்பதை நேரில் பார்த்தேன். கழுத்தில் கல்லால் ஒரு போடு. "புஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம். பிறகு யோக்கில் இருக்கிற செம்பையும் டியூப்பைச் சுற்றி ஓடுகிற செம்புச் சுருளையும் உருவி எடுத்துக்கொண்டு கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டார்கள். உடைத்தது பதினைந்து பதினாறு வயதுப் பையன், கையுறைகூட இல்லை.

கலர் டியூப்பின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடு கலந்திருக்கும். எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். முன்கண்ணாடியையும் புனலையும் ஒட்டியிருக்கும் பசைக் கண்ணாடியில் ஈயம் இன்னும் அதிகம். திரையின் உள்பக்கம் படிந்திருக்கும் பொடியும் மூக்கில் ஏறக் கூடாதது. டிவி முழுசாக இருக்கும்வரை இதில் எதுவும் யாரையும் ஒன்றும் செய்யாது. உடைத்தால்தான் கேடு.

நம் மாநிலத்தில் 2006-ல் தொடங்கி இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவிகள் மட்டுமே ஒன்றரைக் கோடிக்கு மேல். அவற்றில் எத்தனை இப்படிக் காலி மனைகளில் கிடக்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மின்கழிவுக்கான விதிகள் முதலில் 2011-ல் வந்தன, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடப்பில் இருக்கின்றன. தயாரித்தவர்கள் பொறுப்பேற்க வேண்டும், அங்கீகாரம் பெற்றவர்கள்தான் பிரித்தெடுக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பக்கம் அங்கீகாரம் பெற்ற இடம் எது என்று சொல்வார்கள்.

தம்பி, 150 ரூபாய்க்காக அதைக் காயலாங்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சரியானால் சந்தோஷம். ஆகாவிட்டால் டியூப் உடையாமல் முழுசாக உரிய இடத்தில் சேருங்கள்.

குடந்தை மொபைல் தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், நீங்க சொன்னதை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "சரி, காயலாங்கடைக்கு வேண்டாம்"னு சொல்லிட்டாங்க.

மாமா, நீங்க சொன்னபடியே செஞ்சேன். பட்டனை அமுக்கினதும் புறங்கை முடி சிலிர்த்துச்சு. இருட்டுல உத்துப் பார்த்தேன். அணையறதுக்கு முன்னாடி திரைக்கு நடுவுல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே ஒரு வெள்ளைக்கோடு மின்னிச்சு, அப்புறம் "டிக்". ஒரு நாள் விட்டுத் திறந்து, ரெண்டு இடத்துலயும் இறக்கிட்டுப் பார்த்தேன். கழுத்துல விரிசல் இல்லை, வெள்ளைப் பொடியும் இல்லை. பத்தடி தள்ளி நின்னு பார்த்தப்போ ஆரஞ்சுப் பொட்டு அழகா மினுக்குச்சு. "100 ஹெர்ட்ஸ்"னு முன்னாடி எங்கேயும் எழுதலை. உள்ள தூசிதான் பயங்கரமா இருக்கு, ஒரு குளவிக் கூடும் இருந்துச்சு, எடுத்துட்டேன். இனி என்ன பண்ணட்டும்?

ரேடியோ மாமா, புதுக்கோட்டை:

அந்த வெள்ளைக்கோடு போதும் தம்பி, எனக்கு வயிற்றில் பால் வார்த்தாய். டியூப் நல்லது, இ.எச்.டி. நல்லது, அதை ஓட்டுகிற லைன் டிரான்சிஸ்டர் நல்லது, பவர் சப்ளையும் நல்லது. சிவப்பு விளக்கு ஆடாமல் நிற்கிறது என்று முதலிலேயே எழுதியிருந்தாய். லைன் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகியிருந்தால் அந்த விளக்கு துடித்துக்கொண்டோ அணைந்தோ கிடக்கும். அதனால்தான் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை.

உன் செட்டில் போயிருப்பது வெர்டிகல். டியூப்பில் கதிர் இடவலமாகவும் ஓடும், மேலிருந்து கீழாகவும் இறங்கும். மேல்கீழ் இறக்குகிற பகுதி நின்றுவிட்டால் முழு வெளிச்சமும் நடுவில் ஒரே கோட்டில் குவியும். அப்படியே விட்டால் அந்த இடத்தில் திரை கருகிவிடும். அதனால் பல செட்டுகளில் பிராசசரே அதைக் கண்டுகொண்டு அணைத்துவிடும். உன் செட் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

யோக்கிலிருந்து வருகிற வயர் போர்டில் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில், சின்ன அலுமினியத் தகட்டில் திருகி ஒரு ஐசி நிற்கும். ஏழு கால் அல்லது ஒன்பது கால் இருக்கும். அதுதான் வெர்டிகல் ஐசி. வாங்குவதற்கு முன்னால் போர்டைத் திருப்பி அதன் கால்களை உன் மைக்ரோஸ்கோப்பில் பார். அந்த ஐசி சூடாகிச் சூடாகி, காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய கறுப்பு வளையம் விழுந்திருக்கும். டிரை சால்டர். நாங்கள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்ததை நீ ஒரு நொடியில் பார்த்துவிடலாம். வளையம் இருந்தால் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வை. மொபைலுக்கு வைக்கிற ஊசிமுனை பிட் இதற்குப் பத்தாது, 25 வாட்டுக்குக் குறையாமல் தடித்த பிட் வேண்டும். கையோடு இ.எச்.டி. கால்களையும், லைன் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் கால்களையும், யோக் சாக்கெட் கால்களையும் ஒருமுறை சூடு காட்டிவிடு.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ஐசிக்கு கரண்ட் வருகிற வழியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும், ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில். அது ஓப்பன் ஆகியிருந்தால் (உள்ளே அறுந்திருந்தால்) ஐசி ஷார்ட்டாகி அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, இரண்டையும் மாற்று. ஐசி மேல் எழுதியிருக்கிற நம்பரை அப்படியே எழுதிக்கொண்டு போ. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் யாராவது போகிறார்கள் என்றால் அங்கே கிடைக்கும், திருச்சியிலும் தேடினால் கிடைக்கும். நூறு ரூபாய்க்குள் முடிகிற சாமான். போலியும் நிறைய உலவுகிறது, எழுத்து அழுத்தமாக இல்லாமல் கையால் தேய்த்தால் மங்குகிறது என்றால் வாங்காதே.

இன்னொன்று. லைன் டிரான்சிஸ்டரை மீட்டரில் வைத்துப் பார்க்கும் ஆசை உனக்கு வரும். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் நாற்பது ஐம்பது ஓம் காட்டும். இந்த வகை டிரான்சிஸ்டர்களில் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்துத்தான் செய்கிறார்கள். அதை ஷார்ட் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதே.

கடைக்காரர் போர்டையே மாற்றணும் என்றாரே, அப்படி மாற்றினால் பெரும்பாலும் போடுவது எந்த செட்டுக்கும் பொருத்துகிற சைனா போர்டுதான், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை நான் பழிக்கவில்லை. இ.எச்.டி. போய், அதே நம்பர் கிடைக்காமல் நிற்கிற செட்டுக்கு அதுதான் கடைசி வழி, நானே நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் சொந்த போர்டு உயிரோடு இருக்கிறபோது அதைக் கழற்றி வீசிவிட்டு இதை மாட்டினால், படத்தின் அகல உயரமும் கலரும் பழையபடி வராது. டியூப்புக்கென்று கம்பெனியில் அளந்து செய்த போர்டு அது. மொத்தத்தில் 500 ரூபாய் என்று ஒரு கோடு போட்டுக்கொள். அதற்குள் முடிந்தால் முடி, தாண்டினால் டீச்சரம்மா சொன்ன வழியில் அனுப்பிவிடு.

மாங்கனி சேலம்:

மாமா சொன்னதைப் படிச்சப்புறம் நானும் ஒத்துக்கறேன், 500 ரூபாய்னா முயற்சி பண்ணிப் பார்க்கலாம். ஒரு சந்தேகம். வீட்டுல பெரியவங்க பார்க்கறதுக்கு இதுல பழைய மாதிரி ஆன்டெனா போட்டு தூர்தர்ஷன் வருமா? எங்க பாட்டி இன்னும் கேக்கறாங்க.

ரேடியோ மாமா, புதுக்கோட்டை:

வராது சார். பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பை தூர்தர்ஷன் பெரும்பாலும் நிறுத்தியாச்சு. ஆன்டெனாவை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் இந்த செட்டில் வெறும் புள்ளிதான் தெரியும். ஆனால் கேபிள் செட்டாப் பாக்ஸிலோ டிஷ் பாக்ஸிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை இருந்தால் அதிலிருந்து ஏவி வயர் போட்டுத் தாராளமாகப் பார்க்கலாம். பாட்டிக்கு டிடி தமிழ் அந்த வழியில் வந்துவிடும்.

குடந்தை மொபைல் தம்பி:

மாமா, படம் வந்துருச்சு!

வெர்டிகல் ஐசியோட ரெண்டு காலைச் சுத்தி நீங்க சொன்ன அதே வளையம். மைக்ரோஸ்கோப்புல பள்ளம் மாதிரியே தெரிஞ்சுச்சு. ஈயத்தை எடுத்துட்டுப் புதுசா வெச்சேன், மத்த இடங்களுக்கும் சூடு காட்டினேன். ஐசி மாத்தலை. கவரை மூடிட்டு பட்டனை அமுக்கினேன், நீலத் திரை வந்து நின்னுச்சு. அண்ணன் பையன் குதிச்ச குதியில தெருவே வந்து பார்த்துச்சு. இன்னும் கேம் மாட்டலை, ஏன்னா ரெண்டு குறை இருக்கு. மேல்பக்கம் ரெண்டு விரற்கடை அளவுக்குப் படம் மடங்கின மாதிரி, வெள்ளைக் கோடு கோடா நிக்குது. அப்புறம் போட்டதும் படம் மங்கலா இருந்து, நேரம் ஆக ஆகத்தான் தெளியுது. டியூப் வீக்கா மாமா? எனக்கு அதுதான் பயம்.

ரேடியோ மாமா, புதுக்கோட்டை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. டியூப் வீக் இல்லை. டியூப் வீக்கானால் படம் இருட்டாக வந்து மெதுவாக வெளிச்சம் ஏறும், வெள்ளை இடங்கள் வெள்ளிப் பூச்சு மாதிரி பளபளக்கும். உனக்கு வெளிச்சம் உடனே வருகிறது, கூர்மைதான் தாமதமாகிறது. அது கழுத்தில் குத்தியிருக்கிற சாக்கெட்டின் வேலை. அதில் ஃபோகஸ் வயர் சேரும் இடத்தில் ஈரம் ஏறிப் பச்சை பூத்திருக்கும், சூடானதும் காய்ந்து தெளியும். மழையில் நனைந்த செட்டுக்கு இது சகஜம். சாக்கெட்டை மாற்றிவிடு, ஐம்பது ரூபாய்க்குள் வரும். கழுத்துத் தடிமனும் கால் அமைப்பும் ஒன்றாக இருக்க, பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்கு. ஃபோகஸ் குமிழைத் திருகிச் சரி பண்ணப் பார்க்காதே. ஸ்கிரீன் என்று எழுதிய குமிழைத் தொடவே தொடாதே.

மேலே மடங்குகிறது என்றால் வெர்டிகல் ஐசிக்குப் பக்கத்தில் நிற்கிற கண்டன்சர் காய்ந்துவிட்டது. பெரும்பாலும் 100 மைக்ரோ, 35 வோல்ட். ஐசியின் சூட்டிலேயே நின்று காய்ந்திருக்கும். 105 டிகிரி என்று எழுதியதாக வாங்கி, பிளஸ் மைனஸ் பார்த்து வை. அதற்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய கண்டன்சரையும் சேர்த்து மாற்றிவிடு, எல்லாம் சேர்ந்து முப்பது ரூபாய். ரிமோட்டுக்கு உன் செட் பெயரைச் சொல்லி டூப்ளிகேட் கேள், ஏவி மாற்றுகிற பட்டன் அதில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்.

மறுபடி திறக்கும்போது முதலில் சொன்னபடி இரண்டு இடத்திலும் கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், இப்போது டியூப்பில் முழு அழுத்தம் ஏறியிருக்கும். சாக்கெட்டைக் கழற்றுகிறபோது கழுத்தைப் பிடித்துக்கொள்ளாதே, இடவலமாக ஆட்டாதே. சின்ன போர்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்து நேராகப் பின்னால் இழு.